ஜாடியில் ஊற்றிய தண்ணீர்

ரத்தினவேல் அன்றைக்குச் சொன்னது மொத்தம் ஐந்து வார்த்தை. "தண்ணி தண்ணிதானே ராக்கா, கெணத்துல எடு." அவ்வளவுதான். யாரையும் அடிக்கவில்லை, யார் பொருளையும் எடுக்கவில்லை, அதைப் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்டவன் பள்ளிக்கூடத்துப் பியூன் ராக்கன். அவனும் சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஆனால் அந்த ஐந்து வார்த்தை ரத்தினவேலைப் படுத்திய பாடு இருக்கிறதே, அதைச் சொன்னால்தான் எனக்கும் மனசு ஆறும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது, மாசி மாதம். திருமயத்துக்குத் தெற்கே பஸ்ஸை விட்டிறங்கி இரண்டு மைல் நடந்தால் வருகிற ஊர். ஊர்ப் பேர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு உடையப்பன் செட்டியார்தான் தாளாளர். பினாங்கில் நாடகம் நாடகமாகப் பார்த்துத் தீர்த்துவிட்டு ஊர் திரும்பிய மனிதர். வந்த வேகத்தில் பள்ளிக்கூடத்தில் கல்லும் காரையுமாக ஒரு மேடை கட்டிவிட்டார். மேடை இருந்ததே தவிர, படுதா கிடையாது, விளக்கு கிடையாது, சீன் மாற்றத் தெரிந்த ஆளும் கிடையாது.

செட்டியாருக்குப் பிள்ளைகள் நடிக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையில்லை. நடிக்கிறவனுக்குக் கைதட்டு கிடைக்கும், லைட்டுப் போடுகிறவனுக்குச் சோறு கிடைக்கும் என்பது அவர் கட்சி. படுதா இழுப்பது, சீன் கட்டுவது, விளக்கை ஏற்றி இறக்குவது என்று மேடைக்குப் பின்னால் நடக்கிற அத்தனையையும் பிள்ளைகளுக்குப் பாடமாகவே வைத்துவிட வேண்டும் என்றார். அதற்கு முதலில் ஒரு வாத்தியார் கற்றுக்கொள்ள வேண்டுமே. அப்போது மதுரையில் முகாம் போட்டிருந்த ஒரு நாடகக் கம்பெனியின் முதலாளி அவருக்குப் பழக்கம். பள்ளியிலிருந்து ஒரே ஓர் ஆள் இரண்டு மாதம் அங்கே போய்த் தங்கிக் கற்றுவர ஏற்பாடாயிற்று. போய்விட்டு வருகிறவர்தான் என்னென்ன சாமான் வாங்குவது என்று பட்டியல் போடுவார். மேடைப் பயிற்சி ஆசிரியர் என்கிற நிரந்தர உத்தியோகமும் அவருக்கே.

அந்த ஒரு இடத்துக்கு நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் நம் ரத்தினவேல். விஞ்ஞான உதவியாசிரியர், பதினோரு வருட சர்வீஸ். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஆசிட் வாத்தியார்.' ஊரிலும் அதே பெயர்தான். கடைத்தெருவில் அவர் சம்சாரம் செவந்தியை 'ஆசிட் வாத்தியார் வீட்டம்மா' என்று கூப்பிடுவார்கள். அவள் வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்துவாள். இந்த உத்தியோகம் கிடைத்தால் அந்தப் பெயர் ஒழியும் என்பதுதான் அவருடைய பெரிய நினைப்பு. சிரிக்காதீர்கள். மனுசன் இதைவிட அற்பமான விஷயத்துக்கெல்லாம் ஆசைப்பட்டிருக்கிறான்.

இன்னொருவர் தையல் டீச்சர் செங்கமலம். விராலிமலைக்காரி. புருஷன் கொழும்புக்குப் போனவன் போனவன்தான், கடிதாசி கூடக் கிடையாது. தையல் டீச்சர் வேலையும் தற்காலிகம். ஆனி பிறந்தால் இந்த வருசம் ஆர்டர் வருமா வராதா என்று பள்ளிக்கூட வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் அவளுடைய அப்பா நாடகக் கம்பெனியில் லைட்டு வேலை பார்த்தவர். சின்ன வயசில் அவரோடு ஊர் ஊராகப் போனவள். மேடை விளக்கை எப்படி அடக்குவது என்று அவளுக்குக் கை பழகியிருந்தது. அந்த நிரந்தர வேலை கிடைத்தால் ஆனி மாதப் பயம் அவளுக்கு ஒரேயடியாகத் தீர்ந்துவிடும்.

அவள் வழி இதுதான். ஊறுகாய் போடுகிற பெரிய பீங்கான் ஜாடி. அதில் உப்புக் கரிக்காத நல்ல தண்ணீர். தண்ணீரில் மூன்று விரல் கொள்கிற அளவு உப்பு. அடியில் ஒரு செப்புத் தகடு, மேலே கயிற்றில் தொங்குகிற இன்னொரு தகடு. விளக்குக்குப் போகிற கரண்ட் இந்தத் தண்ணீர் வழியாகப் போகும். மேல் தகட்டை இறக்கினால் வெளிச்சம் கூடும், ஏற்றினால் குறையும். கயிற்றை மெல்லப் பிடித்தால், கண்ணெதிரே பொழுது சாய்கிற மாதிரியே விளக்கு அடங்கும். உப்பு மட்டும் கூடிவிடக் கூடாது. கூடினால் தகட்டை எவ்வளவு தூக்கினாலும் விளக்கு குறையாது; தகடு தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் சடக்கென்று அணைந்துவிடும்.

தலைமையாசிரியர் சூசைராஜ் நியாயஸ்தர். சிபாரிசெல்லாம் வேண்டாம், இரண்டு பேரும் செட்டியார் முன்னால் செய்து காட்டட்டும் என்றார். ஒரு பாட்டு பாடி முடிகிற நேரத்துக்குள் மேடையில் பட்டப்பகல் இருட்டாக வேண்டும், எங்கேயும் வெட்டு விழக் கூடாது. யார் சரியாகச் செய்கிறாரோ அவருக்கு மதுரை.

அன்று காலையில் செங்கமலம் ஏணி மேல் நின்று படுதா மாட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தபடியே ராக்கனிடம் ஊரணித் தண்ணீர் இரண்டு குடம் கொண்டுவந்து ஜாடியில் ஊற்றச் சொன்னாள். ராக்கனுக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. எங்கள் பக்கத்து ஊரணியைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அவன் தவிப்புப் புரியும். ஊரணியில் கால் நனைக்கக் கூடாது, துணி அலசக் கூடாது, மாடு இறக்கக் கூடாது. குடிக்கவும் சோறாக்கவும் மட்டும்தான் அந்தத் தண்ணீர். மாசி பிறந்துவிட்டால் வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு வைத்து இறைக்கிற காலம் வேறு. அதைக் கொண்டுபோய் விளக்குக்கு ஊற்றுவதா என்று அவன் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்று ரத்தினவேலிடம் யோசனை கேட்டான். பள்ளிக்கூடத்துக் கிணறு பக்கத்திலேயே இருந்தது. வாயில் வைத்தால் கரிக்கும், பருப்பு வேகாது. அதிலேயே எடுத்துக்கொள்ளலாமா சார் என்று கேட்டான்.

ரத்தினவேலுக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் இல்லை. போன வாரம்தான் பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியிருந்தார்: இரண்டு டம்ளரில் இரண்டு தண்ணீர், ஊரணித் தண்ணீரில் பல்பு மங்கலாக எரிந்தது, கிணற்றுத் தண்ணீரில் பளிச்சென்று எரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கிணற்றுத் தண்ணீரிலேயே உப்பு வேண்டிய மட்டும் இருக்கிறது; அதற்கு மேல் அவளும் மூன்று விரல் உப்பைப் போட்டால் முடிந்தது கதை. அவ்வளவும் தெரிந்த மனுசன், கையிலிருந்த புத்தகத்தை மூடாமல், ராக்கன் முகத்தைப் பார்க்காமல், அந்த ஐந்து வார்த்தையைச் சொன்னார்.

மத்தியானம் செட்டியார் விசிறியோடு வந்து முன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டி அறையை இருட்டாக்கினார்கள். ரத்தினவேல் கரண்டைக் கூட்டிக் குறைக்கிற ஆய்வுக்கூடத்து ரியோஸ்டாட்டை வைத்து ஒரு பல்பை ஏற்றி இறக்கிக் காட்டினார். சுமாராகத்தான் இருந்தது, ஆனால் பழுதில்லை. அடுத்து செங்கமலம். பாட்டு ஆரம்பித்தது, அவள் கயிற்றை இழுத்தாள். விளக்கு அப்படியே எரிந்தது. பாதிப் பாட்டு ஆயிற்று, இன்னும் பட்டப்பகல். அவள் முகம் வேர்த்துப்போனது. கடைசி அடியில் சடக்கென்று ஒரே இருட்டு. மறுபடி செய்தாள், மறுபடியும் அதேதான். மூன்றாந்தரம் வேண்டாம் என்று செட்டியாரே கையைக் காட்டிவிட்டார்.

எல்லோரும் போன பிறகு அவள் ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் மூன்று விரலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அவள் கொண்டுவரச் சொன்னது ஊரணித் தண்ணீர், ராக்கன் சொன்ன சொல் தட்டாதவன். ரத்தினவேல் அவளைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருந்தது.

"கை கூடிப்போச்சு சார்," என்றாள் அவள். "எங்கப்பா இந்த அளவத்தான் என் கையப் பிடிச்சுக் காட்டிக் குடுத்தாரு. அவரு போனப்பொறம் எங்கிட்ட மிஞ்சுனது அது ஒண்ணுதான். அதையும் மறந்துட்டேன் பாருங்க."

ரத்தினவேல் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் சொன்னது, பரவாயில்லை டீச்சர், யாருக்கும் வரக்கூடியதுதான் என்று. ஆறுதல் வேறு சொன்னார், புண்ணியவான்.

மதுரைக்குப் போனார். செவந்தி பஸ் ஏற்றிவிட வந்தபோது புதுப்புடவை கட்டியிருந்தாள். கம்பெனிக் கொட்டகைக்குப் பின்னால் முதல் நாள் அவரை அழைத்துக்கொண்டு போனார்கள். அங்கே வரிசையாக ஆறு பீங்கான் ஜாடி. செங்கமலம் வைத்திருந்த அதே ஜாடி, அதே தகடு, அதே கயிறு. லைட்டுக்காரர் அவர் கையில் ஒரு கரண்டி தண்ணீரைக் கொடுத்து, நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஊர் ஊருக்குத் தண்ணீர் மாறும், முதலில் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் உப்பைத் தொட வேண்டும் என்றார். ரத்தினவேல் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கரண்டியைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு மாதம் நன்றாகத்தான் கற்றுக்கொண்டார், பொய் சொல்லக் கூடாது. படுதா இழுக்கும் உருளைகள், சீன் சட்டங்கள், கலர்க் காகிதம் எல்லாம் அத்துப்படி. ஆனால் ஒவ்வொரு முறை அந்த ஜாடிகளின் முன்னால் நிற்கும்போதும், மூன்று விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்பிள்ளைதான் கண்ணில் நின்றாள்.

திரும்பி வந்ததும் பட்டியல் போட வேண்டிய வேலை. இங்கேதான் மனுசன் இரண்டாவது குழியை வெட்டினார். மதுரையில் பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருந்தால், 'ஜாடி முறையே நமக்குப் போதும், செலவு குறைவு, பிள்ளைகளே செய்யலாம்' என்று எழுதியிருக்க வேண்டும். எழுதினால் செட்டியார் என்ன கேட்பார்? கம்பெனியிலேயே ஜாடி வேலை செய்கிறதென்றால் அன்றைக்கு ஏன் செய்யவில்லை என்று கேட்பார். அப்புறம் தண்ணீர் வரும், தண்ணீருக்குப் பின்னால் ராக்கன் வருவான், ராக்கனுக்குப் பின்னால் தான் வர வேண்டும். ஆகவே விளக்கை ஏற்றி இறக்குவதற்குச் சென்னையில் விற்கிற கம்பிச்சுருள் டிம்மர் பெட்டி ஒன்றை வாங்கலாம் என்று எழுதினார். உப்புத் தண்ணீர் முறை நம்பத் தகுந்தது அல்ல என்றும் ஒரு வரி சேர்த்தார். அந்த வரியை எழுதும்போது பேனா இரண்டு தரம் நின்றது. மைதான் காய்ந்துவிட்டது என்று உதறி எழுதினார்.

சூசைராஜ் அதைப் படித்துவிட்டு, அப்படியானால் மேடை வேலைக்குச் செங்கமலம் டீச்சர் தேவைப்பட மாட்டார் என்றார். தையல் வகுப்புக்குப் பிள்ளைகளும் குறைவு, வரும் ஆனியில் அவர் ஆர்டரைப் புதுப்பிக்க நிர்வாகத்திடம் என்ன காரணம் சொல்வது என்று யோசனையாகக் கேட்டார். மனுசர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவளுடைய சோற்றில் மண்ணைப் போட வேண்டும் என்று ரத்தினவேல் நினைத்தவரே இல்லை. ஆனால் போட்டது அவர் கைதான். பட்டியலைத் திருப்பித் தாருங்கள், ஒரு வரியை மாற்ற வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தார். என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது? வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் செங்கமலம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். ஆர்டர் விஷயம் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து ரத்தினவேல் எழுந்து நின்றார். அவள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"கம்பெனியில ஜாடிக்கு எம்புட்டு உப்பு போட்டாக சார்? நான் எங்கிட்டுத் தப்பு விட்டேன்னு தெரிஞ்சுக்கிட்டாப் போதும். வேலை போனாப் போகுது. இந்தக் கையி தப்பாப் போச்சேன்னு நெனைக்கிறப்பத்தான் மனசு கெடந்து அடிச்சுக்கிருது."

அதற்கு மேல் மனுசனால் முடியவில்லை. தப்பு உங்கள் கையில் இல்லை டீச்சர், அன்றைக்கு ஜாடியில் இருந்தது கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லிவிட்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அப்பா அளவு சரிதான், அப்பா அளவு சரிதான் என்று தனக்குள்ளேயே இரண்டு மூன்று தரம் சொல்லிக்கொண்டாள். கொஞ்சம் தெளிந்ததும், கிணற்றில் எடுத்தது யார் என்று கேட்டாள்.

"ராக்கன்," என்றார் ரத்தினவேல்.

பாதி உண்மையைச் சொல்வதற்கு, சொல்லாமலே இருந்து தொலைத்திருக்கலாம். கிணற்றில் எடுத்தது ராக்கன்தானே, அதில் பொய் என்ன என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு காறித் துப்பியது. அவள் படியிறங்கிப் போகிற வரை அவரால் தலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

செங்கமலம் நேரே செட்டியார் வீட்டுக்குப் போனாள். பட்டியலை முடிவு செய்யப் பள்ளிக் கமிட்டி வெள்ளிக்கிழமை கூடுவதாக இருந்தது. அதற்கு முன்னால் ஒரே ஒரு தரம் மறுபடி செய்து காட்ட விட வேண்டும், சரியாக வராவிட்டால் ஆனி வரைகூட இருக்கவில்லை, அன்றைக்கே போய்விடுகிறேன் என்றாளாம். செட்டியாருக்கு அந்தத் துணிச்சல் பிடித்துவிட்டது. சரி என்றார்.

வெள்ளிக்கிழமை அவளே ஊரணிக்குப் போய், தன் வீட்டுப் பங்குத் தண்ணீரைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள். ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தாள், ஊற்றினாள். மூன்று விரல் உப்பைப் போட்டாள். பாட்டு ஆரம்பித்தது. ரத்தினவேல் பின்சுவரோரம் நின்றார். மேடையில் உச்சிவெயில் இருந்தது. மெல்ல அது மத்தியானம் சாய்ந்த வெயிலாயிற்று. மாடு திரும்புகிற நேரமாயிற்று. முகம் தெரியாத மசங்கலாயிற்று. எந்த நொடியில் இருட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது. செட்டியார் விசிறுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார். சாக்கை விலக்கி ஜன்னலைத் திறந்தார்கள்.

பிறகு செட்டியார் கேட்டார், அன்றைக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று. செங்கமலம் தண்ணீர் விஷயத்தைச் சொன்னாள். யார் பேரையும் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் எடுக்கிறவன் பள்ளிக்கூடத்தில் ஒரே ஆள்தானே. செட்டியார் முகம் கடுத்துவிட்டது. ராக்கனைக் கூப்பிடச் சொன்னார்.

ராக்கன் வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். டீச்சர் ஊரணித் தண்ணீர் கேட்டிருக்க, கிணற்றுத் தண்ணீரை ஊற்றியது நீதானா என்று செட்டியார் கேட்டார். ராக்கன் நிமிர்ந்து ஒரே ஒரு தரம் ரத்தினவேலைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபமில்லை. நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படி என்று கேட்கிற பார்வை. பதினோரு வருசமாக அவர் சொன்னதைச் செய்தவன்.

"ஆமாங்க எசமான். நான்தான். பக்கத்துல இருக்கேன்னு எடுத்துட்டேன்," என்றான்.

ஒரு பொம்பளையின் பிழைப்பையே கெடுத்துவிட்டாயேடா, இனிமேல் இந்தப் பள்ளிக்கூட வளவுக்குள் உன்னைப் பார்க்கக் கூடாது என்றார் செட்டியார். ராக்கனுக்கு வீட்டில் ஆறு உருப்படி. இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அதைப் பார்த்ததும் ரத்தினவேலுக்குத் தாங்கவில்லை. கால் தானாக முன்னுக்கு வந்தது.

"அவனை அனுப்பாதீங்க," என்றார். "கெணத்துல எடுக்கச் சொன்னது நான். அவன் எங்கிட்டக் கேட்டான். என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

அப்பாடா, சொல்லிவிட்டார். நெஞ்சிலிருந்த பாறாங்கல் இறங்கியது. இனி என்ன வந்தாலும் வரட்டும், வேலை போகட்டும், ஊர் காறித் துப்பட்டும், செவந்தி பிறந்த வீட்டுக்குப் போகட்டும் என்று நின்றார்.

செட்டியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, நீங்கள் நம்ப மாட்டீர்கள், அவர் கண் கலங்கிவிட்டது. சூசைராஜின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீகளா ஹெட்மாஸ்டர். ஒரு பியூனுக்காக, அவன் பிள்ளைகுட்டி பட்டினி கெடக்கும்னு, பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறாரு. இந்தக் காலத்துல இப்புடி ஒரு மனுசனா."

இல்லை, நான் சொன்னது நிஜம் என்றார் ரத்தினவேல். அதற்குச் செட்டியார் இன்னும் உருகினார். வேண்டுமானால் ராக்கனையே கேளுங்கள் என்றார். ராக்கனைக் கேட்டார்கள். வாயில் வந்த பொய்யை இனி மாற்றினால் இரண்டு பேருக்கும் ஆபத்து என்று நினைத்தானோ என்னவோ, சாருக்கு எதுவும் தெரியாது எசமான் என்று அவன் சத்தியமே செய்தான். பட்டியலில் ஜாடியைப் பற்றி எழுதியதும் பொய் என்றார் ரத்தினவேல். டீச்சருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று தன் எழுத்தையே பொய் என்கிறாரே என்று சூசைராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த உத்தியோகம் நியாயமாக அவருக்குத்தான் சேர வேண்டும் என்று செங்கமலத்தைக் காட்டினார் ரத்தினவேல். செட்டியார் எழுந்து வந்து அவர் தோளில் கையையே போட்டுவிட்டார்.

அவர் உண்மையைச் சொல்லச் சொல்ல உயர்ந்துகொண்டே போனார். கடைசியில் செட்டியார் தீர்ப்புச் சொன்னார். டிம்மர் பெட்டி வேண்டாம், ஜாடியே இருக்கட்டும். மதுரையில் பயிற்சி எடுத்தவர் ரத்தினவேல், ஆகவே உத்தியோகம் அவருடையதுதான். செங்கமலம் டீச்சர் அவருக்கு உதவியாக, அவருக்குக் கீழே இருக்கட்டும், வருசா வருசம் அவரே பார்த்து ஆர்டர் எழுதி வாங்கிக் கொடுக்கட்டும். ராக்கனையும் அவர் முகத்துக்காக மன்னித்தாயிற்று.

"விழுந்து கும்புடுடா," என்றார் செட்டியார் ராக்கனிடம்.

ராக்கன் விழுந்தான். நெடுஞ்சாண்கிடையாக, ரத்தினவேலின் காலடியில், மேடைச் சிமெண்டுத் தரையில் விழுந்தான். ரத்தினவேல் பதறிக் குனிந்து அவன் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். அவன் எழுந்திருக்கவில்லை. எசமான் பார்க்கிறார் சார், கொஞ்சம் பொறுங்கள் என்று அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி முனகினான். பின்னால் கமிட்டிக்காரர்கள் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்தது. ராக்கன் நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டான். செங்கமலம் ஜாடித் தண்ணீரைக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ரத்தினவேல் அவள் எதிரில் போய் நின்றார். யாருமே நம்பவில்லை டீச்சர் என்றார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பேச்சு என்று தோன்றியது.

அவள் தகட்டை ஈரம் போகத் துடைத்தாள். கயிற்றைச் சுற்றி வைத்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தபோது முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் அவரைக் கொன்றது.

"அவுகளுக்குத்தான் கேக்கல சார். எனக்கு நல்லாக் கேட்டுச்சு," என்றாள். "திங்கக்கெழம எத்தன மணிக்கு வரணும்னு சொல்லுங்க. ஒங்களுக்குக் கீழதான இனி வேலை."

ஒன்பது மணிக்கு என்றார் ரத்தினவேல். அவள் தலையை ஆட்டிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.